டுக்கும்ஸ் வண்டிக்கு முன்

பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குப்
பல் செய்து கொடுக்கிறவள் நான்.
மாலையில், ரீகா நிலையத்தில்,
டுக்கும்ஸ் வண்டி வரும்வரை
இருபத்தாறு நிமிடம் மிச்சம்.
அதில் வரைகிறேன்.

ஆளைப் பார்த்து வரைய
ஆளைப் பார்க்கக்கூடாது.
அவர் தலைக்குமேல் தொங்கும் கடிகாரத்தைப்
பார்ப்பதுபோல் பார்த்து
திரும்பும் வழியில் ஒரு மூக்கைத்
திருடிக்கொண்டு வந்துவிட வேண்டும்.
பேனாதான் நல்லது.
பென்சில் ரொம்ப யோசிக்கவிடும்.

ஹாக்கி மட்டைகளைக் கட்டிக்கொண்டு
ஒரு பையன் வாய்பிளந்து தூங்குகிறான்.
மேல்வரிசையில் இடது மூன்றாம் பல்
கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது.
தொழில் விடாது என்னை.
சந்தையில் விற்று மீந்த வெள்ளரி ஊறுகாய் வாளிமேல்
பூட்ஸ் காலைத் தூக்கி வைத்து
லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிறாள் ஒருத்தி.
விழவில்லை.
அதற்காக முகம் மாறவும் இல்லை.
இன்னொரு சீட்டை எடுக்கிறாள்.

என் நோட்டில் பாதிப் பேர் பாதி ஆட்கள்.
யெல்காவா வண்டி என்று ஒலிபெருக்கி சொன்னதும்
இடுப்புக்குக் கீழே எழுந்து போய்விடும்.
ஒரு அம்மாவின் தோளில்
கம்பளித் தொப்பி மட்டும் இருக்கிறது,
குழந்தை இல்லை.

அசையாதவர் அவர் ஒருவர்தான்.
சாம்பல் நிற ஓவர்கோட்,
மடியில் தோல்பெட்டி,
பெட்டிமேல் இரண்டு கை.
எந்த வண்டிக்கும் எழுந்திருக்க மாட்டார்.
வரைகிறவளுக்கு வேறென்ன வேண்டும்?
டிசம்பர் பிறந்ததிலிருந்து பதினைந்து முறை
சம்பளமில்லாமல் உட்கார வைத்தேன் அவரை.

நேற்று எழுந்து வந்தார்.
"நானா அது?"

நோட்டை நீட்டினேன்.
பக்கத்தின் மூலையில் தேதியும் மணியும்
போடுவது என் வழக்கம்.
முகங்களை விட்டுவிட்டு
மூலைகளையே படித்துக்கொண்டு போனார்.
தொப்பியில்லாமல் இருந்த ஒன்றில் மட்டும் நின்று
"என் காது இவ்வளவு பெரிதா?" என்றார்.
பெரிதுதான் என்றேன்.

பிறகு, நோட்டைப் பார்த்தே சொன்னார்:
"இந்த நேரத்தில் நான் அலுவலகத்தில் இருக்கிறேன்.
நவம்பரிலிருந்து அங்கே
எனக்கு மேசை கிடையாது.
வீட்டில் தெரியாது."

பூக்கடைக்காரர் ஷட்டரை
பாதிக்கு இறக்கினார்.
பனி மிதித்த கால்கள் உள்ளே வந்து
தரையெல்லாம் தண்ணீர்.
யாருக்கும் காட்ட மாட்டேன் என்றேன்.
சொல்லும்போதே உறைத்தது:
போன வாரம்தான் வேலையிடத்தில்
தேநீர் நேரத்தில்
இந்தப் பதினைந்தையும் பரப்பி வைத்திருந்தேன்,
ரசித்தார்கள்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

"கிழித்துவிடவா?"

பதில் சொல்ல நேரம் எடுத்தார்.
"தேதியை மட்டும்."

பேனா மை அழியாது.
மூலைகளைத்தான் கிழித்தேன், ஒவ்வொன்றாக.
பதினைந்து காகித முக்கோணங்கள்.
உள்ளங்கையில் வாங்கி எண்ணி
பயணச்சீட்டைப்போல்
கோட்டின் உள்பையில் போட்டுக்கொண்டார்.
பெயர் நான் கேட்கவில்லை.
இல்க்வார்ஸ் என்று அவரே சொன்னார்,
அதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்று அந்தப் பெஞ்சில்
யாரோ ஒரு மாணவி, நூடுல்ஸ் டப்பாவோடு.
அவர் இல்லை.
நல்லதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்,
நல்லதாகத் தோன்றவில்லை.

அப்புறம்தான் பார்த்தேன்.
தூணுக்கு அந்தப் பக்கம்,
கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் வந்து அறையும் இடத்தில்,
விளக்குக்கு நேர் கீழே
அதே கோட்டு, அதே பெட்டி.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தார்.
காதுகள் சிவந்திருந்தன.
என் தலைக்குமேல் இருக்கும் கடிகாரத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தார்.

வரைந்தேன்.
காது, தாடை, கழுத்துப்பட்டை,
பெட்டியின் பித்தளைப் பூட்டு.
மூலையை வெறுமனே விட்டேன்.

ஒரு ஷூ முடிந்தது.
இன்னொன்றுக்குள்
டுக்கும்ஸ் வண்டி வந்துவிட்டது.