எத்தனை விரல்

யீஷூன் சமூக மன்றத்தின் இரண்டாம் மாடி.
குளிரூட்டி இருபத்தொன்றில்.
மேசை நடுவே ஒரு தட்டு கறிபாஃப்,
யாரும் தொடவில்லை.

"சம்பவம் எழுபத்து மூன்றாம் நிமிடத்தில்"
என்று வாசிக்கிறார் செயலாளர் சோ கியன் ஹுவாட்.
சம்பவம் என்றால் ஹைருலின் தலை.
எதிரணிக்காரனின் முழங்கை.
பையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடிய முப்பது மீட்டர்.

நெற்றியில் பஞ்சை அழுத்தியபடி கேட்டேன்,
எத்தனை விரல்?
மூன்று என்றான்.
மூன்றுதான்.
இது எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது,
அதெல்லாம் கேட்டேனா என்று இப்போது கேட்கிறார்கள்.
நடுவர் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.
பயிற்றுநர் தேவசகாயம் கோட்டருகே நின்று
"ஓகேவா? ஓகேவா?" என்றார்.
அந்தக் கேள்விக்குறியைக் கழற்றிப் போட்டவள் நான்.
ஓகே.

வழக்கறிஞர் மிஸ் லியோங் கனிவாகப் பேசுபவர்.
அவருடைய ஆங்கிலத்தை மனத்துக்குள் தமிழாக்கிப் பார்க்கிறேன்:
கவனிக்க வேண்டிய கடமை.
நம் ஊர்ப் பேச்சில்
ஒருவரை நன்றாகக் கவனித்தோம் என்றால்
விருந்து வைத்ததாகவும் இருக்கலாம்,
கை வைத்ததாகவும் இருக்கலாம்.
நான் அவனை எப்படிக் கவனித்தேன்?

"அவனேதான் ஆடுறேன்னு சொன்னான்,"
என்கிறார் தேவசகாயம், என்னைப் பார்க்காமல்.
சொன்னான். உண்மை.
அடிபட்ட மூளையிடமே
அடிபட்டதா என்று விசாரித்து
அதனிடமே சம்மதமும் வாங்கினோம்.

காப்புறுதிக்காரர் ஆறாம் பத்தியை விரலால் தடவுகிறார்:
தலைக்காயம் எனச் சந்தேகம் எழுந்தால் வெளியேற்றுக.
எழ வேண்டியது யாருக்கு?
இதிலேயே ஒரு மணி நாற்பது நிமிடம் போய்விட்டது.
எனக்கு எழுந்தது என்றால் அலட்சியம்.
எழவேயில்லை என்றால்
சுவரில் மாட்டியிருக்கும் என் சான்றிதழ் எதற்கு?
கழகம் பொறுப்பு என்றால்,
ஞாயிற்றுக்கிழமைக்கு நூற்றிருபது வெள்ளி வாங்கும் நான்
கழகத்தின் ஆளா, வந்துபோகும் ஆளா?
அதற்கு ஒரு தனிக் கோப்பு இருக்கிறதாம்.

மன்னிப்புக் கேட்கலாமா என்றேன்.
மிஸ் லியோங் பேனாவை மூடினார்.
"வருத்தம் தெரிவிக்கலாம். இப்போது வேண்டாம்.
எழுத்தில் வேண்டவே வேண்டாம்."

எழுத்தில் இல்லாததைச் சொல்கிறேன்.
போன வியாழன் அவனைப் பார்க்கப் போனேன்.
அதையும் சொல்லக் கூடாதாம்.
திரைச்சீலை இழுத்த கூடத்தில்
தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தான்.
ரயிலில் ஏறினால் இரண்டு நிலையத்துக்கு ஒருமுறை இறங்கி
பெஞ்சில் குனிந்திருந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுகிறான்.
மகளைக் கூப்பிட வாய் திறந்தால்
பெயர் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி.
அவள் ஐந்து வயதுக்காரி.
அந்த இடைவெளிக்குள் நிற்கப் பழகியிருக்கிறாள்.

கிளம்பும்போது சிரித்தான்.
"கக், நீங்கள் எப்போதும் மூன்றுதானே காட்டுவீர்கள்.
அணியில் எல்லாருக்கும் தெரியும்."

அதை இந்த மேசையில் வைத்தேன்.
கறிபாஃபுக்குப் பக்கத்தில்.

தேவசகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
சோ கியன் ஹுவாட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி,
"இதைக் குறிப்பில் சேர்க்க வேண்டுமா?"
எல்லாரும் மிஸ் லியோங்கைப் பார்த்தார்கள்.
மிஸ் லியோங் சன்னலைப் பார்த்தார்.

கீழே திடலில் மின்னல் எச்சரிக்கை ஊத ஆரம்பித்தது.
பொடியன்கள் பந்தைப் போட்டது போட்டபடி
கூரைக்குள் ஓடினார்கள்.
வானத்தில் ஒரு கீற்றும் இல்லை.
ஆட்டம் சமநிலையில் இருக்கிறதே என்று
ஒருவரும் வாதாடவில்லை.
எனக்கு ஒன்றுமில்லை, நான் ஆடுகிறேன் என்று
எவனும் நின்றுகொண்டிருக்கவில்லை.

எழுதுங்கள் என்றேன்.
மூன்று.
எப்போதும் மூன்று.