எச்சப் பெறுமதி

பம்பைமடுவில் எங்கள் வணிக பீடத்துக்கு
மூன்று மாடி என்று வரைபடம் சொன்னது.
காசு சொன்னது ஒன்று.

அதனால் ஒன்பது வருசம்
மொட்டைமாடித் தூண்களின் உச்சியில்
நாலு நாலாய்க் கம்பிகள் நின்றன.
யாரோ யோகட் கோப்பை கவிழ்த்துவிட்டார்கள்.
குரங்குகள் கழற்றின.
பிறகு ஒருவரும் கவிழ்க்கவில்லை.
மாரியில் துரு வழிந்து
விரிவுரை மண்டபச் சுவரால் இறங்கும்,
ஒவ்வொரு தைக்கும் பீடாதிபதி வெள்ளையடிப்பிப்பார்.

இந்த ஆவணி காசு வந்தது.
கிரவல் றோட்டால் கலவை லொறி வந்தது.
நாங்கள் தகரக் கொட்டகைக்குப் போனோம்,
மதியம் இரண்டு மணி, நூற்றிப்பதினாறு பேர்,
மூன்று மின்விசிறி, அதில் ஒன்று சுற்றாது.

பெறுமானத்தேய்வு படிப்பிக்கிறேன்.
கட்டடம்: ஐம்பது வருசம், நேர்கோட்டு முறை.
மேலே கொங்கிரீட் உடைக்கிற சத்தத்துக்குள்
ருஸ்னா கை உயர்த்துகிறாள்:
"மெடம், அந்தக் கம்பிகளுக்கு எப்ப இருந்து தேய்வு?"

பாவனைக்கு ஆயத்தமான நாளிலிருந்து, என்கிறேன்.
"அப்ப ஒன்பது வருசமும்
அது தேயவே இல்லையா?"
கொட்டகை சிரிக்கிறது. நானும்தான்,
விடை கைவசம் இல்லாதவர் சிரிக்கிற மாதிரி.

அன்றைக்குத்தான் பொறியியலாளர்
கம்பியைச் சுரண்டிப் பார்த்து
வெட்டச் சொல்லியிருந்தார்.
துண்டுகள் ஒவ்வொன்றாய் முற்றத்தில் விழுந்தன.
சரி, எச்சப் பெறுமதி என்ன போடலாம்?

கடைசி வாங்கிலிருந்து யசிந்தன்,
வரவு எடுக்கும்போது மட்டும் வாய் திறப்பவன்:
"கம்பிக்கு ஒரு விலை, தகட்டுக்கு ஒரு விலை.
மண் ஒட்டியிருந்தால்
கிலோவுக்கு நூறு கிராம் கழிப்பாங்கள்."

எப்படித் தெரியும் என்று கேட்க வந்தேன்.
அவன் ஊர் புதுக்குடியிருப்பு.
மீளக் குடியேறிய வருசம் அவனுக்கு எட்டு வயது இருக்கும்.
"வெடிக்காதெண்டு தெரிஞ்சால்தான் தூக்குவம்,"
நான் கேளாமலே சொன்னான்.

என்ன சொன்னான் என்று சந்துனி
பக்கத்திலிருந்தவளைச் சிங்களத்தில் கேட்டாள்.
அவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் வெண்பலகையில் எழுதினேன்:
மண் கழிவு, பத்து வீதம்.

பங்குனியில் இரண்டாம் மாடி எழும்பிவிட்டது.
புது மண்டபத்தில் பூச்சு மணம், எதிரொலி,
எல்லா மின்விசிறியும் சுற்றுகின்றன.
தூண் உச்சிகளில் மறுபடி நாலு நாலு கம்பி.
வரைபடம் இப்போது நாலு மாடி என்கிறதாம்.

ருஸ்னா இரண்டு யோகட் கோப்பைகளோடு
மேலே ஏறுகிறாள்.
மூன்றாவதைச் சந்துனி
இன்னும் தின்று முடிக்கவில்லை.