ஏழரையைப் பின்னால் விடு

இரவு பத்தேகாலுக்கு வெல்லாவெளியிலிருந்து தர்மினி:
"அண்ணன், பதினாலு ஆனை பதிஞ்சன்.
மெப்பில ஒண்டும் காட்டல்லையே?"

பதிந்திருக்கிறது.
லைப்ரரி பச்சை வரியில் சொல்கிறது, பதிந்திருக்கிறது.
நானும் அவளுக்குச் சொல்கிறேன், பதிந்திருக்கிறது.
"அப்ப எங்க?" என்கிறாள்.

களுவாஞ்சிகுடியில் மருந்துக்கடைக்கு மேலே
ஒற்றை மின்விசிறி அறை.
கல்முனைக்குக் கடைசி பஸ் போய்விட்டது.

எனக்கும் அட்டவணைக்கும் நடுவே இந்த லைப்ரரி,
நெல்லுத் தரகன் மாதிரி.
நான் யானை என்றால் அது நிரையாக்கி அங்கே கொடுக்கும்.
அங்கிருந்து நிரையை வாங்கி
யானை என்று எனக்குத் தரும்.
மூட்டையை அவிழ்த்து எடை பார்த்ததில்லை நான்
இன்று வரை.

தரகனை விலத்திவிட்டு நேரே கேட்டேன்.
அங்கே ஒரு யானை என்பது
பூச்சியம் ஒன்று பூச்சியம் ஒன்று என்று தொடங்கும்
நாற்பத்திரண்டு எழுத்து.
தும்பிக்கை இல்லை. வால் இல்லை.
எந்தப் பூமியில் நிற்கிறாய் என்றால்
பூச்சியம் என்கிறது.

நாலாயிரத்து முந்நூற்று இருபத்தாறு
என்று சொல்லியிருக்க வேண்டும்.
அடையாள இலக்கம் இல்லாமல்
எங்கேயும் போய் நிற்க முடியாதென்று
எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
வேலிக்கும் அதற்கும் தூரம் அளக்கச் சொன்னபோது
அட்டவணை மறுத்துத்தான் இருக்கிறது, பதினாலு தரமும், சத்தமாக.
'பிழை வந்தால் பேசாமல் கடந்து போ' என்று
ஆனி மாத அவசரத்தில் ஒரு வரி எழுதி வைத்தவன்
நான்தான்.

இலக்கத்தைக் கொடுத்தேன்.
மெப் விலகி விலகிப் போய்
வடதுருவத்தின் ஓரத்தில் நின்றது.
பனிக்கட்டியில் பதினாலு சிவப்புப் பொட்டு,
ஒரு வயலுக்கும் கரைச்சல் இல்லாமல்.

சிரித்தேன்.
அவள் இன்னும் வெளியில் டோர்ச்சோடு நிற்பது
பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஏழரை, எண்பத்தொன்றே முக்கால்.
அகலாங்கு முதலில், நெட்டாங்கு பிறகு:
பள்ளிக்கூடத்து வாய்ப்பாடம்.
லைப்ரரிக்கோ கிழக்குத்தான் முதலில் வேண்டும்.
ஏழரையை முன்னால் விட்டால் என்ன வரும் என்று
சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரிக்கிற அம்மாவுக்குத் தெரியும்.
எனக்குத் தெரியப் பதினொன்றரை ஆயிற்று.

மாற்றினேன். துருவத்திலிருந்து யானைகள் இறங்கி வந்தன.
பதின்மூன்று, மின்வேலிக்கு அப்பால், காட்டோரம்.
ஒன்று மட்டும் குளத்தின் நட்ட நடுவில்,
கரையிலிருந்து நானூறு மீற்றர், முழு நீலத்தில்.

போன் தடுமாறியிருக்கும்.
நீருக்குள் விழும் புள்ளியை ஏற்காதே
என்று ஒரு நிபந்தனை எழுதினேன்.
அந்த ஒன்றை அழிக்கவும் ஒரு வரி.
என்டரில் விரல். எதற்கும் ஒருக்கால் கேட்போம் என்று
அவளை எடுத்தேன்.

"ஓம், குளத்துக்குள்ளதான்.
ஆவணியில அதுக்குள்ள எங்க தண்ணி?
முழங்கால் உயரம் புல்லு.
ஆனை அங்கால மேயுது, நாங்க மெசினோட இஞ்சால நிக்கம்.
புள்ளி ஆனையிட இல்லையே அண்ணன்,
என்ட போன்ட."

அவள் பக்கம் யானைவெடி ஒன்று கேட்டது.

மெப்பைத் திரும்பவும் பார்த்தேன்,
வேலிக்கு அப்பால் பதின்மூன்றையும்
நீலத்தில் ஒன்றையும்.

"இப்ப காட்டுதா?"

"காட்டுது."