வெறும் வாய்

அதற்குப் பசி கிடையாது.
எட்டு அறை, அறைக்கொரு கடைவாய்ப் பல்.
பல்லின்மேல் ஐந்து கிலோ எடை
இறங்கும், ஒரு நூலளவு வழுக்கும், ஏறும்.
டக். டக். டக்.
ரொட்டியில்லை. ஞாயிற்றுக்கிழமை
விறகுத் தணலில் வாட்டிய மாட்டு விலா இல்லை.
வெறும் வாயை மெல்வதற்கென்றே
மொந்தேவிதேயோவில்
அரசாங்கப் பணத்தில் வாங்கிய இயந்திரம்.

பன்னிரண்டு லட்சம் கடி
ஐந்து வருடச் சாப்பாட்டுக்குச் சமம் என்று கணக்கு.
ஒன்பது நாளில் முடித்துவிடும்.
நானோ ஒரு எம்பனாடாவை
அரை மணி நேரம் தின்கிறவள்.

சாயங்காலம் ஆறுக்கு உமிழ்நீர் கலப்பேன்:
கால்சியம், பாஸ்பேட், உப்பு,
வழவழப்புக்கு ஒரு வெள்ளைத் தூள்.
ருசி பார்த்ததில்லை என்றால்
பொய்.
பிறகு ஐந்து டிகிரித் தண்ணீர், பிறகு ஐம்பத்தைந்து,
ஐஸ்கிரீம், மாத்தே, ஐஸ்கிரீம், மாத்தே,
எந்த மனுஷ வாயும் இப்படி அவசரப்பட்டதில்லை.

பற்கள் கண்ணாடிக் குப்பியில் வரும்.
கொடுத்தவர் பெயரைக் கேட்கக் கூடாது.
ஒட்டிய தாளில் மூன்றே விவரம்.
பத்தொன்பது. பெண். ஐம்பத்தெட்டு வயது.
ஏன் பிடுங்கினார்கள் என்று போட்டிருக்கவில்லை.
மேடுகள் தேய்ந்து மொட்டையாக இருந்தன,
தூக்கத்தில் நறநறவென்று கடிக்கிறவள்.
ஒரு பக்கம் மட்டும் மாத்தேயின் பழுப்பு.
குழலை எப்போதும்
அந்தக் கன்னத்தோரமே ஒதுக்கியிருப்பாள்.
அவ்வளவுதான் எனக்கு அவளைத் தெரியும்.

அந்தப் பல்லின் குழியில்
வாஷிங்டன் பெர்ரியேலின் பதினொரு வருடம் இருந்தது:
பிசின், கண்ணாடித் துகள்,
நீல விளக்கில் இருபது நொடி காட்டினால் கல்.
போன தடவை செய்தது நாலாம் நாளே பல்லிளித்தது.
அதன்பிறகு அவர் யாரோடும்
மதியச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை.

ஆறாம் ராத்திரி.
ஆற்றிலிருந்து தெற்குக் காற்று ஜன்னலை உலுக்கியது.
டக். டக். டக். ட்ச்.
நிறுத்தினேன். எண் 7,12,406.
கணக்குப்படி மூன்று வருடம் நிறையப்
பதினொரு நாள் பாக்கி.

செருப்போடு வந்தார், பைஜாமாவின்மேல் கோட்டு,
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை.
பூதக்கண்ணாடியில் குனிந்தவர்
"நிக்குது, நெலிடா, நம்முது நிக்குது!" என்றார்.
நின்றிருந்தது.
ஒரு கீறல் இல்லை, ஓரம் மழுங்கவில்லை,
போட்ட அன்று மின்னியபடியே மின்னியது.
அதன் பக்கத்தில் பல்தான்
வேர்வரை பிளந்து கிடந்தது,
பூட்டு அசையாமல் கதவு உடைந்த மாதிரி.

அவர் மறுபடி குனிந்தார்.
நிமிர வெகுநேரம் ஆனது.
"இவ்வளவு கெட்டியா..." என்று தொடங்கி
மென்று முழுங்கினார்.
மாத்தேயை எனக்கு நீட்டினார். குடித்தேன்.
ஆறியிருந்தது.

அறையின் அடியில், உமிழ்நீரில்,
உடைந்த துணுக்கு ஒன்று கிடந்தது,
அரிசி நொய்யளவு.
வெறும் வாயை மென்றதற்கு
கடைசியில் அவல் கிடைத்துவிட்டது.

படிவத்தில் இரண்டே கட்டம்:
பொருள் உடைந்தது, ஒட்டு விட்டது.
இதற்குக் கட்டமில்லை.
"பல் தோற்றதுன்னு ஓரத்துல எழுது" என்றார்.
எழுதினேன். பிறகு அடித்தேன்.
ஆறு வயதில் முளைத்திருக்கும்.
ஐம்பத்திரண்டு வருடம் அவள் வாயில்,
அதற்குமேல் ஆறு நாள் இதில்.
எண்ணை மட்டும் எழுதி மூடிவைத்தேன்.

மீதி ஏழு பல்லுக்காக மறுபடி ஓட்டினோம்.
எட்டும் ஒரே தண்டில் பூட்டியவை,
ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது.
எட்டாவது கம்பியும்
காலி அறைக்குள் இறங்கியது,
நூலளவு வழுக்கியது, ஏறியது.
அதிலிருந்து மட்டும்
சத்தம் வரவில்லை.