மெலிசான அட்டை

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால்
என் ஜெராக்ஸ் கடை ரகசியத் தலைமையகம்.
வியாழன், இரவு ஏழரை.
கவிழ்த்த பேப்பர் பெட்டிதான் மேசை.

ஜெசிமாவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து
கோடாலித் தைலத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவே
வைத்தனுப்பிய ஆட்டம்.
ஆறு நாயகர்கள், ஆளுக்கு நாற்பது அட்டை,
ஒரே ஒரு வில்லன்.
அவன் பக்கம் உட்கார யாரும் வேண்டாம்.
அவன் கட்டைப் புரட்டினால் அதுவே நம்மை அடிக்கும்.
தோற்றால் மூவரும் சேர்ந்துதான் தோற்போம் என்பதை
சூசைராஜுக்குப் புரியவைக்க இரண்டு வாரம் ஆனது.
ரம்மியில் வளர்ந்தவன்,
கையை நெஞ்சோடு ஒட்டி மறைத்தே வைத்திருந்தான்.

வாயில் நுழையாத பெயர்களை மாற்றிக்கொண்டோம்.
விரலில் மின்சாரம் பாய்கிறவன் லைன்மேன்.
சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறவள் பெருச்சாளி.
இமைப்பதற்குள் ஊரைத் தாண்டுகிறவன் மன்னை எக்ஸ்பிரஸ்.
காயம் ஆற்றும் வெள்ளை முகமூடிக்காரி சிஸ்டர்.
வில்லனுக்குப் பெயர் வைத்தது சூசைராஜ்:
கமிஷன்.
சும்மா உட்கார்ந்தபடியே சுற்றுக்கு ஒரு வில்லை
தன் திட்டத்தின் மேல் ஏற்றிக்கொள்கிறானே,
மூட்டைக்கு இவ்வளவு என்பதுபோல.

இன்று ஐப்பசி மழை.
வயலில் கால் புதைகிறது, அறுவடை மிஷின் இறங்காது,
அதனால் சூசைராஜ் சீக்கிரமே வந்துவிட்டான்.
ஜெசிமாவுக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி டூட்டி.
சிஸ்டர் கட்டை வழக்கம்போல அவள் பக்கம் நகர்த்தினேன்.
திரும்பத் தள்ளினாள்.
"ராத்திரி பூரா ட்ரிப் ஏத்துறேன்.
இங்கயும் நானே ஏத்தணுமா?"
இத்தனை வியாழன்களில்
நாங்கள் யாரும் அவளைக் கேட்டதேயில்லை.

பெருச்சாளி அவளுக்கு. லைன்மேன் சூசைராஜுக்கு.
எப்போதும் அடித்தே பழகிய என் கையில்
கட்டுத்துணி, கஞ்சி, "மூச்சை இழுத்து விடு".

முதல் ஆட்டம் நான்கே சுற்றில் முடிந்தது.
ஓர் அட்டையை இறக்க வேறு இரண்டை எரிக்க வேண்டும்.
ஒரு பக்கம் வீணானாலும் வயிறு எரியும் எனக்கு
எதை எரிக்க?
எல்லாவற்றையும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டே செத்தேன்.

இரண்டாவதில் சூசைராஜ் மன்னை எக்ஸ்பிரஸ்.
வரப்பு வரப்பாக மிஷின் ஓட்டுகிறவனுக்கு
வேகம் வந்ததும் பிரேக் மறந்துபோனது.
தனியாகப் பாய்ந்தான், தனியாக விழுந்தான்.
"சாரி" என்றான், அட்டைகளைப் பார்த்து.

மூன்றாவது.
ஜெசிமா சிரித்துக்கொண்டே மூன்று சுவர்களை உடைத்தாள்.
அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.
நான் முகமூடியைக் கழற்றிச்
சாதாரண ஆளாகத் திரும்பியிருந்தேன்.
ஓய்ந்தால் உயிர் மூன்று ஏறும்,
கமிஷனுக்கும் இரண்டு வில்லை ஏறும்.
"நம்ம லீவ் லெட்டர் மாதிரி" என்றாள்.
அடுத்த புரட்டலில் அவன் அடி அவள்மேல்.
அவளுக்கு மிச்சம் ஓர் உயிர்.

என் கையில் "குறுக்கே நில்".
ஜோடியில் ஒன்று தொலைந்ததால்
மற்றதை நகலெடுத்து ஒட்டிய அட்டை,
கருப்பு வெள்ளை, மெலிசு,
கலைக்கும்போதே விரலுக்குத் தெரியும்.
இரண்டை எரித்தேன். வைத்தேன்.
அடி என்மேல் விழுந்தது, தாங்கியது.
அவள் திருப்பித் தந்ததில் கமிஷன் காலி.
சூசைராஜ் ஷட்டரைத் தட்டித் தட்டிக் கத்தினான்.
எதிர் டீக்கடைக்காரர்
கரண்ட் வந்ததா என்று எட்டிப் பார்த்தார்.

இரவு இரண்டு பத்துக்கு போன் மினுங்கியது.
வார்டு தூங்குகிறது போலும்,
விதிப்புத்தகத்தைப் படம் எடுத்து வைத்திருந்திருக்கிறாள்.
"குறுக்கே நில், முகமூடி போட்டிருந்தாத்தான் செல்லும்.
நீ கழட்டியிருந்த.
நாம தோத்துட்டோம்."

கூரைத் தகரத்தில் மழை நின்று நின்று பெய்தது.
"சரி. வியாழன்" என்று அனுப்பினேன்.
சற்று நேரம் கழித்து இன்னொன்று வந்தது:
"பெருச்சாளிய யாருக்கும் தரமாட்டேன்."