பெயரில்லாதவள்

என் பெயர் நெர்குய்.
எங்கள் மொழியில் பெயரில்லாதவள் என்று பொருள்.
எனக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை.
மூன்றாவதைத் தேடி வரும் கெட்டது
கூப்பிட ஒரு பேர் கிடைக்காமல்
வாசலோடு திரும்பட்டும் என்று வைத்தார்கள்.
ஐம்பத்தோரு வருடம் பலித்தது.

இப்போது நூற்றுப்பதினான்கு செயலிகளுக்கு என்னைத் தெரியும்.
ஒரே ஒரு தரம் பீட்சா வாங்கிய கடை
"நெர்குய், உங்களைக் காணோமே" என்று
இரவு பதினொன்றுக்கு ஏங்குகிறது.
என் காலடிகளை யாரோ எண்ணுகிறார்கள்.
நான் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறவள்;
குறைவு, குறைவு என்று தினமும் குறைப்படுகிறார்கள்.

உலான்பாத்தரில் டிராலிபஸ்.
கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
போனை வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன்,
குளிர் பட்டால் செத்துப்போகும்.
நேற்று இன்ச்சோனிலிருந்து மகன்
தன் புது அறையை வீடியோ எடுத்து அனுப்பினான்.
இடமில்லை என்றது.

பதினைந்து லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில்
குதிரை களைக்கும்வரை வேலியே பார்க்காமல் வளர்ந்தவளிடம்
உள்ளங்கை அகலப் பொருள் ஒன்று சொல்கிறது,
இடமில்லையாம்.

சரி என்று உட்கார்ந்தேன்.
கட்டி முடித்த மின் ரசீதுகள்.
ஆட்டிறைச்சி விலைப்பலகை, ஆறு கோணத்தில்.
நிலா, பதினேழு தடவை,
பதினேழிலும் சட்டையிலிருந்து அறுந்த வெள்ளைப் பொத்தான்.
தொல்கோர் அனுப்பும் காலை வணக்க ரோஜாக்கள்
ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் நானூறு.
டிப்போ சமையலறையில் எனக்கு மூன்று நாற்காலி தள்ளித்தான்
தேநீர் குடிப்பாள்.
வாயால் ஒரு நாளும் வணக்கம் சொன்னதில்லை.

நீக்கவா? நீக்கு.
உறுதியாகவா? உறுதியாக.
முப்பது நாள் வைத்திருக்கிறேன், மனம் மாறினால் சொல் என்கிறது.
என் மேலாளர்கூட
இவ்வளவு அவகாசம் தந்ததில்லை.

வழியில் சில நாள் கம்பியிலிருந்து கொம்பு நழுவும்.
பஸ் பேச்சை நிறுத்திவிடும்.
நான் இறங்கி, கயிற்றைப் பிடித்து,
தலையை அண்ணாந்து, மறுபடி மாட்ட வேண்டும்.
அந்த நேரம் உள்ளே இருப்பவர்கள்
ஜன்னல் பனியைச் சுரண்டி என்னைப் பார்ப்பார்கள்.
ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும்.
உண்மையைச் சொன்னால், இப்போதெல்லாம்
கொஞ்சம் மெதுவாகவே மாட்டுகிறேன்.

செயலிகளை அழுத்திப் பிடித்தால் நடுங்குகின்றன.
பாவம் பார்க்கவில்லை.
பீட்சா, காலடி, தள்ளுபடி, ராசி பலன்,
மூன்று வானிலை (மூன்றுக்கும் குளிர் மட்டுமே தெரியும்).
வாசலோடு திரும்புங்கள்.
ஒன்பது மிஞ்சியது.

அப்புறம் அது வந்தது.
நாற்பத்தோரு நிமிட வீடியோ, முழுக்க இருட்டு.
பைக்குள் தானாக ஓடியிருக்கிறது.
துணி உரசுகிறது. பனி மொறுமொறுவென்று நசுங்குகிறது.
யாரோ ஒருத்தி
வரிகள் மறந்த இடத்தில் எல்லாம் உம் உம் என்று நிரப்பிப் பாடுகிறாள்.
எந்த நாள், எந்தத் தெரு, ஏன் அவ்வளவு சந்தோஷம்,
ஒன்றும் நினைவில்லை.
நான்தான்.

எல்லாவற்றிலும் பெரியது அதுதான்.
அதைத் தூக்கினால் மகனின் அறை நாலு தடவை கொள்ளும்.
விரல் கொண்டு போனேன்.
ரோஜாக்களில் விட்டுப்போன இருநூறைத் தேடி அழித்தேன்.

பெயர் கொடுத்துச் சேமிக்கவா என்றது.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.
தானே எழுதிக்கொண்டது: நெர்குய்.

பன்னிரண்டாவது நிமிடம்.
கதவைத் திறந்தேன், நீராவியாக ஏறினார்கள்.
மகனின் அறை சிவப்புவிளக்கில் நின்றபோது வந்து சேர்ந்தது.
நல்ல அறை. கிழக்குப் பார்த்த ஜன்னல்.
திரைச்சீலை வாங்கு என்று சொல்ல வேண்டும்,
இரவு கூப்பிட்டு, வாயால்.