சில்லறை

அம்மாவின் கையில்
வெங்காயமும் செம்புக் காசும் சேர்ந்து மணக்கும்.
எலுமிச்சைத் தோலால் தேய்த்தாலும் போகாது.

வால்பரைசோவின் செங்குத்துச் சரிவில்
கம்பிவடம் இழுத்தேற்றும் மரப்பெட்டிக்கு
முப்பத்தோரு வருடம் கீழ்வாசலில் காசு வாங்கியவள்.
வாங்கிக்கொண்டு
சுழல்கம்பியைத் தள்ளிவிடுவாள்,
கூடவே ஒரு கேள்வியையும்.
"பல்வலி போச்சா, தொன் எலியோதோரோ?"
"கடுதாசி வந்ததா ப்ரிசிலா?"
"இந்தத் தொப்பியை யாரய்யா உன் தலையில் கட்டினது?"

பெட்டி மேலே போய்ச் சேர எண்பது நொடி.
கதை சொல்லத் தெரிந்தவளுக்கு
அது தாராளம் என்பாள்.
அவளோ வாசலிலேயே தொடங்கி
மணி அடித்ததும் பாதியில் விட்டுவிடுவாள்.
மிச்சத்தைக் கேட்க
மேலே போன கையோடு இறங்கி வந்தவர்கள் உண்டு,
திரும்பவும் காசு கொடுத்து.

இரவில் கப்பற்படை அதிகாரிகளின் சட்டைகள்.
இஸ்திரி ஆவியில் அவள் முகம்
மூடுபனிக்குள் துறைமுகம் தேடும் கப்பல்போல்
தெரியும், மறையும்.
சீட்டியடித்தபடியே தேய்ப்பாள்.
பொம்பளை சீட்டியடித்தால் வீட்டில் காசு தங்காதென்று
எதிர்வீட்டு செனோபியா ஜன்னலில் கத்துவாள்.
"அடிக்காதபோது மட்டும் தங்கிச்சாக்கும்!"

அப்பா வடக்கே
செம்புச் சுரங்கத்துக்குப் போனார்.
மூன்று மணியார்டர் வந்தது.
பிறகு வரவில்லை.
அதைப் பற்றி அவள் சொன்னது ஒரே ஒரு வரி:
"செம்பு என் கையிலேயே இருக்கு."

பொய் சொல்ல மாட்டேன்,
சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள்.
ராஜா எப்போதும் அவள் மடியில்தான் இருப்பார்.
கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள்,
பாத்திரங்கள் பேசும்.
ஞாயிறு பூசையில் உட்கார்ந்தபடியே தூங்கி
சரியாக ஆமென் சொல்ல மட்டும் விழிப்பாள்.

எண்பத்தைந்து மார்ச்சில் பூமி ஆடியது.
பெட்டி நடுச்சரிவில் நின்றது,
உள்ளே ஏழு பேர்.
மின்சாரம் இல்லை.
ஏணி வரும்வரை கீழே நின்று
இருட்டைப் பார்த்துக் கத்திக் கத்திக் கதை சொன்னாள்.
என்ன கதை என்று பிறகு கேட்டேன்.
ஏழு பேரும் ஏழு கதை சொன்னார்கள்.
தொண்டை கட்டி நான்கு நாள்
அவள் சைகையால் காசு வாங்கினாள்.
ஊரே சிரித்தது, அவளும்தான்,
சத்தமில்லாமல்.

பதினான்கு வயதில் ஒருநாள்
பள்ளித் தோழிகளோடு வந்தேன்.
நல்ல காலணி போட்ட பெண்கள்.
கூண்டுக்குள்ளிருந்து
"அடி, பட்டாணி!" என்று கூப்பிட்டாள்.
நான் யாரோ ஒருத்திபோல
காசை வைத்தேன்.
எடுத்துக்கொண்டாள்.
மீதியை எண்ணித் தந்தாள்.
கேள்வி எதுவும் கேட்கவில்லை.

இரவு என் தட்டில்
வழக்கத்தைவிட ஓர் உருளைக்கிழங்கு அதிகம்.
அவ்வளவுதான்.
பாத்திரங்களும் பேசவில்லை.

ஜூன் மழையில் போனாள்,
அடுப்பில் பீன்ஸ் ஊறியபடி.
நாங்கள் அதைத்தான் மறுநாள் தின்றோம்,
தம்பி வால்தோ உப்புக் குறைவென்று சொல்லிவிட்டு
எழுந்து வெளியே போனான்.

பெட்டிக்குப் பழுதுபார்ப்பு.
சவப்பெட்டியைப் படி வழியே இறக்கினார்கள்.
தலைமாட்டில் வால்தோ,
கால்மாட்டில் தொன் எலியோதோரோவின் மகன்கள்.
திருப்பத்துக்குத் திருப்பம்
ஆள் மாறிக்கொண்டே இருந்தது;
தோள் கொடுக்க வரிசை.
"படியேறச் சோம்பியே அந்த வேலைக்குப் போனவள்,
இறங்க மட்டும் எங்கள் தோளா?" என்று
யாரோ சொல்ல
மழையில் நின்று எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்.

கீழே அவள் கூண்டு பூட்டியிருந்தது.
என் கை தானாகப் பைக்குள் போனது.
சாவிதான் இருந்தது,
ஈரமான ஒரு கைக்குட்டையும்.

சில்லறை இல்லை அம்மா.

நாளைக்குக் கொடு என்பாய்,
எல்லோரிடமும் சொன்ன மாதிரி.

அன்று நீ கேட்காமல் விட்டது
என்ன கேள்வியாக இருக்குமென்று
யோசித்தபடியே இறங்கியதில்
படிகளை எண்ண மறந்துவிட்டேன்.